ஊரில் ஒருவரும் சாகாத மூன்று வாரம்

சாவகச்சேரிக்குப் பக்கத்து ஊர்களுக்குக் கேபிள் இணைப்புக் கொடுப்பது என் தொழில். கடைகள் போட்டி போட்டு இன்ரநெற் ரீவி விற்கத் தொடங்கியதும், வீடு வீடாக என் வயரைக் கழற்றச் சொன்னார்கள். என்னிடம் மிஞ்சிய ஒரே ஆயுதம், எங்கள் உள்ளூர்ச் சேனலில் ஓடும் மரண அறிவித்தல்.

"அக்கா, உந்தப் பெரிய ரீவி உலகமெல்லாம் காட்டும். பக்கத்து ஒழுங்கையிலை ஆர் செத்தது எண்டு சொல்லுமோ?" என்று கேட்பேன். செத்தவீட்டுக்குப் போகாதவர்களை எங்கள் ஊர் மன்னிக்காது. அந்தப் பயத்தில் பலர் வயரை விட்டுவைத்தார்கள்.

பிறகு மூன்று வாரம் ஒருவரும் சாகவில்லை. கழற்றச் சொல்லி மறுபடி அழைப்புகள் வந்தன. கோயிலில் கை கூப்பினால் என்ன வரம் கேட்பதென்று தெரியாமல், திருநீற்றை மட்டும் பூசிக்கொண்டு திரும்பினேன்.

ஒருநாள் சந்தையில் என் வாடிக்கையாளரான ஒரு முதியவர் விடாமல் இருமினார். என் கால்கள் தாமாக அவரிடம் போயின.

"ஐயா, சுகமில்லையோ? டொக்டர் என்ன சொன்னவர்?" என் குரலில் இருந்த ஆவல் எனக்கே கேட்டது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நான் செத்தாலும் உன்ரை சேனலுக்கு வேலையில்லை. கனடா மகன் புது ரீவி வாங்கித் தந்திட்டான். என்ரை செத்தவீடு இன்ரநெற்றிலை நேரடியாப் போகுமாம். நாளைக்கு வந்து வயரைக் கழட்டு."

மறுநாள் போனேன். அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"கவனமா ஏறு தம்பி. விழுந்து செத்தியெண்டால், உன்ரை அறிவித்தலைப் பாக்கவும் ஆக்களில்லை."