முதலாவதா, இரண்டாவதா?

என் அப்பா ஆரின் ஹாகன், விஸ்கான்சினில் எங்கள் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார். நாள் முழுக்க இன்ஜின் இரைச்சலில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்கு வந்ததும் தேடுவது சுத்தமான சத்தம். அதற்காக அவர் வாங்கிக் குவித்த ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயர்களும் எங்கள் முன்னறையை நிறைத்திருக்கின்றன. சோபா வைக்க இடமில்லை. யாராவது வந்தால் மடக்கு நாற்காலிதான்.

இதனால் வீட்டில் சண்டை வரவில்லை. அம்மா லோர்னா கல்யாணமான புதிதிலேயே ஒரு விதி வைத்துவிட்டாள். "புதுசா எது வந்தாலும் எனக்கும் வித்தியாசம் தெரியணும். தெரியலன்னா திருப்பி அனுப்பிடணும்."

அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு பரீட்சை நடக்கும். அம்மா சமையலறை வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். அப்பாவும் அவர் நண்பர்களும் ஒரே பாட்டைப் பழையதில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை போடுவார்கள். எது முதலில் என்பதை அவளிடம் சொல்லமாட்டார்கள். முதலாவதா இரண்டாவதா என்று அவள் சொல்ல வேண்டும். அம்மா தவறியதே இல்லை.

அப்பாவுக்கு இதில் பெருமை தாங்காது. அவரோடு சேர்ந்து பாட்டுக் கேட்கும் கஸ்ஸிடமும் வெண்டலிடமும், "உங்க வீட்டுக்காரிங்க சண்டைதான் போடுவாங்க. என் லோர்னா காது தங்கம்யா" என்பார்.

"அந்தக் காதை எங்களுக்கு வாடகைக்கு விடேன்" என்பார் கஸ்.

போன ஜனவரியில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வந்தது. அதுவரை வந்ததிலேயே விலை கூடியது அதுதான். அந்த வருடம் கூரை மாற்றுவதாக இருந்தது, இதற்காக அதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். அம்மா சரி என்றால் பெட்டி வீட்டில் தங்கும், இல்லையென்றால் போய்விடும். சனிக்கிழமை கஸ்ஸும் வெண்டலும் வந்தார்கள். ஐந்து மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. அம்மா அடுப்பில் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்தபடி வாசலில் திரும்பி நின்றாள்.

கஸ் ஒயர்களை மாற்றிப் போட்டார். முதல் தடவை முடிந்தது. இரண்டாவது தடவை ஓடிக்கொண்டிருந்தபோது அடுப்பின் டைமர் கத்த ஆரம்பித்தது. கீச் கீச்சென்று, ஊசி குத்துவதுபோல. வெண்டல் முகத்தைச் சுளித்தார். அப்பா பல்லைக் கடித்தார். அம்மாவுக்கு ஒரு கை தூரத்தில்தான் அடுப்பு. அவள் அசையவில்லை.

பாட்டு முடிந்தது. டைமர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது," என்றாள் அம்மா. "மேல் ஸ்வரமெல்லாம் தண்ணி மாதிரி தெளிவா இருக்கு."

எல்லாரும் அடுப்பைப் பார்த்தோம். கடைசியில் வெண்டல்தான், "லோர்னா... அடுப்பு" என்றார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "அடுப்புக்கு என்ன?"

"அடிக்குதே."

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அடுப்பின் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினாள். கஸ் எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டார். "பனி வர்ற மாதிரி இருக்கு, கிளம்பறோம்." எங்கள் ஊரில் ஜனவரியில் பனி வராத நாள் எது? சாப்பிடாமலே போனார்கள்.

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. "எப்போலேர்ந்து?"

"ரெண்டு மூணு வருஷமா. குருவி கத்தறதெல்லாம் நின்னுபோச்சு, கீச்சுன்னு வர்ற சத்தம்தான் கேக்கறதில்ல. இலையுதிர்காலத்துல டாக்டர்கிட்ட போனேன். காதுக்கு மெஷின் வெக்கணும்னாரு. விலையும் சொன்னாரு."

"என்கிட்ட சொல்லலியே?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ வாசல்லயே நின்னுட்டு இந்தப் பெட்டி வாங்கப்போறேன்னு சொன்ன. சின்னப் பிள்ளை மாதிரி குதிச்ச."

"அப்புறம் எப்படி லோர்னா எப்பவும் சரியாச் சொன்ன?"

அம்மா சமையலறை ஜன்னலைக் காட்டினாள். வெளியே இருட்டாக இருந்ததால் கண்ணாடியில் முன்னறை முழுக்கத் தெரிந்தது. அப்பாவின் நாற்காலி நட்டநடுவில்.

"புதுசு பாடறப்போ நீ முன்னாடி சாஞ்சு உட்காருவ. மூச்சுகூட விடமாட்ட."

அப்பாவின் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. எந்த ஒயரில் எந்த ஸ்வரம் மங்குகிறது என்று மணிக்கணக்காகப் பேசுகிறவர் அவர். டிவி சத்தம் கூடிக்கொண்டே போனதையும், கூப்பிட்டால் அம்மா இரண்டாவது தடவைதான் திரும்புவதையும் அவர் கவனிக்கவே இல்லை. "கூரையையும் விட்டுட்டேன், உன்னையும் விட்டுட்டேன்" என்றார். அம்மா அவருக்குத் தட்டில் சாப்பாடு போட்டாள். அடி கருகியிருந்தது. கருகியதை அப்பா ஒதுக்காமல் தின்றார்.

திங்கட்கிழமை பெட்டி திரும்பிப் போனது. மார்ச்சில் அம்மாவுக்குக் காது மெஷின் வந்தது. கஸ் இரண்டு முறை போன் செய்தார். "எடுக்காதே" என்றார் அப்பா. தங்கக் காது கதையை அவர் யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாதான் ஆரம்பித்தாள். "போன வருஷம் வாங்கின ஒயரையும் பழைய ஒயரையும் போடு. இப்போ நிஜமாச் சொல்றேன்."

"வேணாம் லோர்னா. விடு."

"போடு ஆரின்."

அப்பா போட்டார். அம்மா வாசலில் திரும்பி நின்றாள், இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு. இரண்டு தடவையும் முழுதாகக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. ரெண்டும் ஒண்ணுதான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒயரை வாங்கிய அன்று அவர் எத்தனை பேருக்குப் போன் செய்தார் என்பது எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்காதபடி, வாய்க்குள்ளேயே, "எனக்கும்தான்" என்றார்.

"கேட்டுச்சு," என்றாள் அம்மா, வாசலிலிருந்து.