ராசி இல்லீங்க

எங்கள் பக்கத்தில் அடிதடியில்கூட 'ங்க' போடுவார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் மண்வெட்டிக் காம்பால் என் வலது கையில் போட்டபோது, "கொடியில கை வெக்காதீங்கன்னு சொன்னனுங்களே!" என்று கத்திக்கொண்டேதான் போட்டார். எல்லையில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி யாருடையது என்பது தகராறு. என் ஆள்காட்டி விரல் நொறுங்கியது. ஸ்டேஷனில் எங்களை எதிரெதிரே உட்காரவைத்து, "ஒரே வழியில போற வர்ற சனம், ராசியாப் போயிருங்க" என்று சமாதானம் பேசினார்கள். என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. விரல் விறைத்தபடியே நின்றுவிட்டது, சூடு வைத்தாலும் அதற்குத் தெரியாது.

ஒண்டிக்கடை என்ற பக்கத்து ஊரில் நடந்த செஸ் போட்டியின் கடைசி ஆட்டத்தில் அதே மனிதர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். எஸ்டேட் வேலை முடித்துவந்து போனில் ஆடிப் பழகியவள் நான். "நல்லா இருக்கீங்களா?" என்று வேறு கேட்டார். கொழுப்பைப் பாருங்கள்!

பாதி ஆட்டத்தில் எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாகக் கிடைத்தது. அது போதும் எனக்கு. அதன்பிறகு குதிரைக்குக் குதிரை, யானைக்கு யானை என்று வெட்டித் தள்ளினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் கை மணிக்கட்டோடு துண்டாகி விழுவதாக நினைத்துக்கொண்டேன். பொய் எதற்கு, சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் அவருக்கு ராஜா மட்டும், எனக்கு ராஜாவும் அந்த ஒற்றைச் சிப்பாயும்.

"ஏனுங்க, ராசியாப் போயிரலாமுங்களா?" என்றார்.

டிராவுக்கும் எங்கள் ஊரில் அந்தச் சொல்தான். புள்ளிக் கணக்கில் அவர் அரைப்புள்ளி முன்னால் இருந்ததால், டிரா என்றால் கோப்பை அவருக்கு. கோப்பை கிடக்கட்டும், அந்தச் சொல்லை இன்னொரு தரம் விழுங்க என்னால் ஆகாது.

"ஆகாதுங்க" என்றேன்.

செய்யவேண்டியது எனக்குத் தெரியும். சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளினால் அவர் ராஜா குறுக்கே வந்து நின்றுகொள்ளும், ஆட்டம் டிராவில் முடியும். என் ராஜா முதலில் சிப்பாய்க்கு முன்னால் ஏறி நிற்கவேண்டும். தெரிந்து என்ன? "ராசி" என்று கேட்டதும் ரத்தம் கொதித்துவிட்டது. ஆட்டம் முழுக்க இடது கையால் ஆடியவள், ஆத்திரத்தில் வலது கையைச் சிப்பாயை நோக்கி நீட்டிவிட்டேன். குத்திக் கொல்லப்போகிறவள் மாதிரி நீட்டினேன். விறைத்த விரல் அதன் தலைக்கு நேரே போனபோதுதான் புத்தி வந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"தொட்டுட்டாங்க!" என்று அவர் கையை உயர்த்தினார். தொட்ட காயைத்தான் நகர்த்தவேண்டும், அதுதான் விதி. நடுவராக இருந்த பெண் ஓடிவந்தாள்.

"தொட்டீங்களாக்கா?"

தொட்டேனா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை. கையைத் தூக்கிக் காட்டினேன்.

"இந்த வெரலு எதைத் தொட்டாலும் எனக்குத் தெரியாது கண்ணு. ஏன் தெரியாதுன்னு அவரையே கேளு. நான் தொட்டன்னு அவரு சொன்னா சிப்பாயவே தள்ளிப்போடறேன்."

அவர் என் விரலைப் பார்த்தார். ஸ்டேஷனில்கூட அதை அவர் பார்க்கவில்லை. முகம் கறுத்துப்போயிற்று.

"தொடலீங்க" என்றார்.

இடது கையால் ராஜாவை ஏற்றினேன். அதற்குமேல் அவருக்கு வழியில்லை. கொஞ்ச நேரத்தில் தன் ராஜாவைப் படுக்கவைத்துவிட்டு எழுந்து கையை நீட்டினார்.

"இப்பவாச்சும் ராசிதானுங்களே?"

உண்மையைச் சொன்னாரா, எனக்குப் பிச்சை போட்டாரா? இன்றுவரை தெரியவில்லை. வலது கையைத்தான் கொடுத்தேன். மற்ற விரல்கள் மடங்க, அந்த ஒன்று மட்டும் அவர் பிடிக்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது.

"இல்லீங்க" என்றேன். ஆனாலும் அவர் விடும்வரை கையை நான் எடுக்கவில்லை.