கோவிந்தசாமிக்கு இரண்டு பெண்டாட்டி

எங்கள் வீட்டுக் காலைக் காப்பிக்குப் பால் வருவது பிரிட்டிஷ் ராஜ்யத்திலிருந்து. காப்பி கொதிப்பது பிரெஞ்சு ராஜ்யத்தில். ரயிலேறி வருகிற பால் என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கன்னியம்மா செம்பை நீட்டுவாள், இந்தப் பக்கம் நின்று நான் வாங்கிக்கொள்வேன். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஓர் எல்லைக்கல். அவள் பக்கம் ராஜா இருக்கிறார். என் பக்கம் ராஜாவே கிடையாது, சிவப்புத் தொப்பிச் சிப்பாய் மட்டும்தான். இந்த வித்தியாசமெல்லாம் அவளுடைய பசுவுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் மேய்ந்துவிட்டு அங்கே போய்க் கறக்கும். "என்னளா, பால்ல தண்ணி கலந்திருக்கே?" என்று கேட்டால் கன்னியம்மா கொஞ்சமும் அசரமாட்டாள். "அது உங்க ஊரு தண்ணிதான்க்கா. உங்க வாய்க்கால்லதான் குடிச்சிட்டு வந்துது" என்பாள். இந்தக் கன்னியம்மா எனக்கு எப்படிப் பழக்கமானாள் என்பதைத்தான் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற என் அக்கா தங்கைகளுக்கும், என்னைப் போல வாக்கப்பட்டு வடக்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் சொல்லப்போகிறேன்.

நான் வில்லியனூருக்கு வந்தது கல்யாணத்தால். என் வீட்டுக்காரருக்குப் பிறந்த ஊர் பாகூர்ப் பக்கம். தூத்துக்குடியில் வேலை பார்த்தபோது என்னைக் கட்டிக்கொண்டு, பிறகு இங்கே வந்து கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை போட்டார். அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். வாயால் சொல்லாததைப் பேனாவால் சொன்னால் மட்டும் சரியாகிவிடுமா? இங்கே பேசுவதும் தமிழ்தான் என்று நம்பி வந்தேன். முதல் நாளே பக்கத்து வீட்டு அஞ்சலை வாசலில் வந்து நின்று, "இன்னாம்மே, வூடு புட்சிக்கினியா?" என்றாள். எதையோ பிடித்து வைத்துக்கொண்டேன் என்று சண்டைக்கு வருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, "நான் ஒண்ணையும் தொடலையே, ஆத்தா!" என்று அழாத குறையாகச் சொன்னேன். வாடகைக்கு வீடு பிடித்துவிட்டாயா என்றுதான் கேட்டாளாம். அன்று அவள் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் சந்தையில் மீன் விற்கும்போது கேட்கலாம். பிறந்தது கடற்கரைக் குப்பத்தில், குரலும் கடலுக்கு மேலே கேட்கிற குரல். ஆனால் எத்தனை வருஷம் ஆனாலும் என்னைத் 'திருநெல்வேலிக்காரி' என்றுதான் கூப்பிட்டாள். தெருவில் எந்தச் சண்டை வந்தாலும், "ஒனக்கு இங்க ஆரு கீறாங்க?" என்று யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். அந்தக் கேள்வி எனக்குக் காலில் தைத்த முள்.

அந்த முள்ளே ஒருநாள் எனக்குப் பதவி வாங்கிக் கொடுத்தது. பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று சர்க்கார் சொன்ன முதல் எலெக்சியோன், அதாவது தேர்தல், அது. மேரி என்று இங்கே சொல்கிற நகரசபைக் கட்டடத்தில் ஆண்களுக்கு முன்கூடம், பெண்களுக்குப் பின்கூடம் என்று ஒதுக்கினார்கள். கோஷாவில் இருக்கிற முஸ்லிம் வீட்டுப் பெண்களும் வருவார்கள் அல்லவா? முக்காட்டை விலக்கி முகம் பார்க்க ஒரு பெண் வேண்டும், அவளுக்கு எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை நான். வெல்லம் கட்டி வந்த காகிதத்தில் தமிழும், இங்கே வந்தபிறகு பிஸ்கோத்து டப்பாவிலும் மருந்துப் புட்டியிலும் பிரெஞ்சு எழுத்தும் கூட்டக் கற்றுக்கொண்டவள். ஊரில் யார் பெயரைச் சொன்னாலும் 'அவ இவனுக்கு நாத்தனா', 'இவ அவனுக்குச் சின்னம்மா' என்று இரண்டு கட்சியும் மாறி மாறித் தள்ளிக்கொண்டே வந்தார்களாம். கடைசியில் ஒருவர், "திருநெல்வேலிக்காரி இருக்காளே, அவளுக்கு இங்க ஆரு கீறாங்க?" என்று சொல்ல, எல்லோருக்கும் பரம திருப்தி.

செய்தி கேட்டதும் என் அப்பா ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் ஓட்டு என்றால் வரி கட்டுகிறவர்களின் சமாசாரம். நான் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை ஓட்டுச்சாவடிக்கு எதிரே பந்தல் போட்டிருந்தார்கள். பெரிய மனுஷர்கள் வண்டியில் வந்து இறங்கி, உள்ளே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து மோர் குடித்தார்கள். மோர் ஊற்றினவர் என் அப்பா. "நீங்க போடலையாப்பா?" என்று கேட்டேன். "நாந்தான் மோர் ஊத்துதேம்லா" என்றார், அதுவும் சர்க்கார் கொடுத்த உத்தியோகம் போல. இங்கே மாடு மேய்க்கிற ஆணுக்கும் ரொம்பக் காலமாக ஓட்டு உண்டு. உண்டே தவிர, அது அவன் கைக்கு வருவதற்குள் வேறு யாராவது போட்டுவிடுவார்கள். செத்துப்போனவர்கள்கூட நல்ல வெயிலில் வந்து போட்டுவிட்டுப் போவதாகத்தான் கேள்வி.

தேர்தலுக்கு முந்தின நாள் மெத்தை வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். மாடி வைத்த வீடு ஊரில் அவருக்குத்தான், அதனால் அந்தப் பெயர். நாங்கள் குடியிருந்த வீடும் சைக்கிள் கடையும் அவருடையவை. மேயர் நாற்காலிக்கும் அவர்தான் ஆசைப்பட்டார். "இன்னா பொண்ணே, நாளைக்கு மேரியில நீதான் குந்தப்போறியாமே?" என்றார். ஆமாம் என்றேன். "ஒனக்கு அங்க வேலையே இல்ல. நம்ம வண்டியில வர்ற பொம்பளைங்க முகத்தப் பாரு, தலையாட்டு. வூடு ஒழுகுதுன்னு ஒங்க ஊட்டுக்காரரு சொன்னாரே? ஓடு மாத்திடலாம்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "தலையாட்டலன்னா, ஓடு மாத்தறதுக்கு வூட்டக் காலி பண்ணச் சொல்லணும்" என்று சொல்லிச் சிரித்தார். அன்று முழுக்க என் வீட்டுக்காரர் ஒரே சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒன் வாய வச்சிக்கினு நீ சும்மா இருப்பியா?" என்று கேட்டார். "தலைதானே ஆட்டணும், வாய்க்கு என்ன வேலை?" என்றேன். அவர் முகத்தில் கொஞ்சமும் தெம்பு வரவில்லை.

மறுநாள் பின்கூடத்தில் மேசை, மேசைமேல் பெட்டி, மறைவாக ஒரு திரை. பிரெசிதான் என்கிற தலைமை அதிகாரி அந்துவான் முசியே. சைகோனில் உத்தியோகம் பார்த்து பென்ஷன் வாங்கிக்கொண்டு புதுச்சேரி டவுனில் இருப்பவர். நிறம் நம்முடைய நிறம்தான், கோட்டு மட்டும் வெள்ளைக்காரருடையது. சட்டம் என்றால் உயிர். ஒருத்தி ஓட்டுச்சீட்டு வைத்த உறையைப் பெட்டியில் போட்டதும், "ஆ வொத்தே!" என்று கூடம் அதிரக் கத்துவார். ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தமாம். ஓட்டுப் போடுகிறவர்களின் ஜாபிதாவில் பெண்களை எல்லாம் 'இன்னார் பெண்சாதி' என்றே எழுதியிருந்தார்கள். அதனால் அவர் ஒரு விதி போட்டார்: வருகிறவள் தன் வாயால் புருஷன் பெயரைச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

முதலில் வந்தவள் அஞ்சலை. "புருஷன் பெயர்?" என்றார் முசியே.

"எங்க ஊட்டு ஆளுதான்" என்றாள்.

"பெயர்?"

"அதான், வண்டி ஓட்டுமே, அந்த ஆளு. தெனம் இந்த மேரி வாசல்லதான் மாட்ட அவுத்துக் கட்டும். ஒங்களுக்குத் தெரியாதா?"

"பெயர், மதாம்! பெயர்!"

நாலு தெரு கேட்க யாரையும் வைகிற அஞ்சலை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நெளிந்தாள். பின்னால் திரும்பி, "ஆராச்சும் சொல்லுங்கடி!" என்றாள். முசியே மணியை ஓங்கி அடித்து, அவளைச் சுவரோரமாக நிற்கச் சொன்னார். அடுத்து வந்தவள் ஜவுளிக்கடை வீட்டு மைமூன் பீவி. வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து, "புள்ளைங்களோட வாப்பா" என்று மட்டும் குரல் வந்தது. அவளும் சுவரோரம். அதற்கடுத்தவளும் சுவரோரம். கொஞ்ச நேரத்தில் கூடத்தைச் சுற்றி, வருஷக்கணக்காக இதே ஊரில் இருக்கிற பெண்கள் எல்லாம் சுவரில் சாய்ந்து நின்றார்கள். பெட்டி காலி. முசியே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து, "இத்தனை பேரும் கள்ள ஓட்டு!" என்று என்னிடம் பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னார்.

அப்போதுதான் மெத்தை வீட்டு வண்டி வந்தது. பவுடர் பூசி, பூ வைத்து, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி இறங்கினார்கள். முதலில் வந்தவள் மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்றாள்.

"அஞ்சலை! புருசன் பேரு கோவிந்தசாமி!" என்றாள், பாடம் ஒப்பிக்கிற குரலில்.

முசியேவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வொலா! இதுதான் ஒழுங்கான பெண்" என்று உறையை எடுத்தார்.

சுவரோரத்திலிருந்து கடல் பொங்கியது. "அடியே! ஆருடி நீ? எம் மாமன் பேர நீ சொல்றியா? எனக்கே சொல்ல வாய் வர்ல, ஒனக்கு எங்கேந்துடி வந்துது?"

"நாந்தான் அஞ்சல" என்றாள் வந்தவள், கொஞ்சம் சுருதி இறங்கி.

"அப்ப நான் ஆருடி? ஒங்க ஆயாவா?"

மணி அடித்து அடித்து முசியேவின் கை ஓய்ந்தது. "இவள் பெயரைச் சொல்கிறாள். அவள் சொல்லவில்லை. சட்டப்படி இவள்தான் மனைவி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மதாம், முகம் பார்க்கத்தானே நீங்கள்? சொல்லுங்கள், இவள் அஞ்சலையா?" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே மெத்தை வீட்டுக்காரர் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர், கையெடுத்துக் கும்பிடாத குறை. ஒரு தலையாட்டல்தான். ஆட்டினால் ஓடு மாறும். ஆட்டாவிட்டால் நாங்கள் மாற வேண்டும். சுவரோரம் நின்ற பெண்களைப் பார்த்தேன். இவர்களில் ஒருத்தியாவது எனக்கு இங்கே ஆரு என்று கேட்காமல் விட்டதில்லை. ஆனாலும் அஞ்சலையின் கண்ணில் தண்ணீர் நின்றது. அதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. உள்ளூர்க்காரியாகவே வாழ்ந்து, ஒரு மேசை முன்னால் உள்ளூர்க்காரி இல்லை என்று ஆகிவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்தேன். வந்தவள் பக்கத்தில் போய், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே மெதுவாக, "கோவிந்தசாமி கிடக்கட்டும் தாயி. மெய்யா ஒனக்குத் தாலி கட்டினவுக பேரு என்ன?" என்று கேட்டேன்.

அவள் சடக்கென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். முந்தானையால் பாதி முகத்தை மூடி, "ஐய! அத எப்டிக்கா நான் சொல்றது?" என்றாள்.

சிரிப்பு கிளம்பியது பாருங்கள், துப்பட்டிகள் எல்லாம் குலுங்கின. அஞ்சலையே சிரித்துவிட்டாள். முசியே மட்டும் இன்னும் புரியாமல் விழித்தார். "முசியே, கோபிக்கக் கூடாது. வீட்டில் அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டேன். அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கடைசியில், "'இஞ்சாருங்க' என்பாள்" என்றார், சைகோனையும் பென்ஷனையும் மறந்து.

அதற்கப்புறம் சட்டம் தலைகீழாக மாறியது. பெயரைத் தயங்காமல் சொல்கிறவள் சுவரோரம். சொல்ல முடியாதவள் வரிசையில் திரும்பிப் பார்ப்பாள், பின்னால் நிற்கிறவள் அவளுக்காகச் சொல்வாள், முசியே ஜாபிதாவில் கோடு போடுவார், "ஆ வொத்தே!" சங்கதி வெளியே எட்டி, அடுத்த வண்டியில் வந்தவர்களை 'பேரைச் சொல்லாதீங்க' என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்களும் வெட்கப்பட்டு நெளிந்து, முறைப்படி பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்காகச் சொல்லத்தான் அங்கே ஒருத்தியும் இல்லை.

கடைசியாக என் முறை. முகம் பார்க்க உட்கார்ந்தவளுக்கும் ஓட்டு உண்டு அல்லவா? மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "புருஷன் பெயர்?" என்றார் முசியே, சிரிப்பை அடக்கிக்கொண்டு. நானும் மற்றவர்களைப் போலப் பின்னால் திரும்பினேன். வரிசையே இல்லை, எல்லோரும் ஓட்டுப் போட்டுவிட்டுப் போயாயிற்று. எனக்கு இங்கே ஆரு இருக்கிறார்கள்? முசியே பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியிலிருந்து மீன்காரக் குரல் ஒன்று என் வீட்டுக்காரரின் பெயரை, அவர் அப்பா பெயரையும் சேர்த்துக் கடைத்தெருவுக்கே கேட்கும்படி கத்தியது. கூடவே மைமூன் பீவியின் குரலும் மெல்லிசாக. "சைக்கிள் கடைக்காரரு பொண்டாட்டி! நம்ம வூட்டுப் பொண்ணுதான், போட வுடுங்க!" உறையைப் பெட்டியில் போட்டேன். "ஆ வொத்தே" என்று முசியே கத்தினார். தூரத்தில் எங்கள் ஊர் மோர்ப் பந்தலில் அன்று நின்ற அப்பாவுக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

யார் ஜெயித்தார் என்று கேட்பீர்கள். மெத்தை வீட்டுக்காரர்தான். முன்கூடத்துப் பெட்டியில் செத்தவர்கள் வழக்கம்போல வந்து போயிருக்கிறார்கள். வாக்குத் தவறாத மனுஷர், வீட்டையும் கடையையும் காலி செய்யச் சொன்னார். அஞ்சலையின் கோவிந்தசாமிதான் எங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஊர்க்கோடியில் இந்த எல்லை வீட்டில் இறக்கினார். கடை இப்போது வாசல் வேப்பமரத்தடியில். இறங்கின அன்றைக்கே வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி செம்போடு நின்று, என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பவுடர் இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"நாத்து நட ஆள் வேணும்னுதான் கூப்ட்டாங்கக்கா" என்றாள் கன்னியம்மா. "வண்டி ஏறின பொறவுதான் பேரு மாத்திச் சொல்லணும்னாங்க. வழியெல்லாம் கோவிந்தசாமி, கோவிந்தசாமின்னு சொல்லிக்கினே வந்தேன். வண்டிக்காரன் பஜனைன்னு நெனச்சிக் கன்னத்துல போட்டுக்கினான்." உன் ஊரில் உனக்கு ஓட்டு உண்டா என்று கேட்டேன். "எனக்கா?" என்று திரும்பிப் பார்த்தாள், பின்னால் நிற்கிற வேறு யாரையோ கேட்டதுபோல.

மறுபடி எலெக்சியோன் வரப்போவதாக இப்போது பேச்சு. இன்று காலை கன்னியம்மா செம்பை எல்லைக்கல்லின் மேல் வைத்துவிட்டு, "அக்கா, இந்த தபா எனக்கு இன்னா புருசன்?" என்றாள்.

"ஒனக்கும் ஒருநாள் ஓட்டு வரும்ளா. அன்னிக்கு நான் வரிசையில ஒன் பின்னால நின்னு, ஒன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லுதேன்" என்றேன்.

"சொல்லுவியே. ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. இத்தனை நாள் பால் வாங்கியும் கேட்கத் தோன்றவில்லை. அவள் சொல்லப்போவதும் இல்லை. அவள் நிற்கிற மண் அங்கிருந்து தெற்கே போய்க்கொண்டே இருந்தால் என் பிறந்த வீட்டு வாசலில்தான் முடியும். என் பெயரைச் சொல்ல ஆள் இருப்பதோ கல்லுக்கு இந்தப் பக்கம். அவள் அங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நான் இங்கே பொத்திக்கொண்டு சிரித்தேன். நடுவில் கல்லின் மேல் செம்புப் பால் ஆறிக்கொண்டிருந்தது.