மேலத்தெருவில் நிற்கக் கூடாத வண்டி

மாமா சாவதற்குள் வண்டியைச் சரிசெய்தாக வேண்டும். அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருந்த கவலை அதுதான். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஈரல் கெட்டுவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

வண்டி அப்பாவின் பழைய டீசல் வேன். கன்னிவாடிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கத்தரிக்காயும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓட்டுவார். தெருவில் சாவு விழுந்தால் அதே வேனைக் கழுவிவிட்டுப் பாடையை ஏற்றிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவார். சுடுகாட்டுக்குத் தார்ரோடு மேலத்தெரு வழியாகத்தான் போகிறது. அந்த ரோட்டில் எங்கள் தெருப் பிணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. முன்பெல்லாம் ஓடைக் கரையில், முள்ளுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் தூக்கிப் போனார்கள். பலமுறை சண்டையாகி, போலீஸ் வந்து, தாலுகா ஆபீசில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தது. வண்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். மேலத்தெருவில் கொட்டு கூடாது, வெடி கூடாது, வண்டி நிற்கக் கூடாது. எங்கள் பக்கம் பேசியவர் மாமா. அதற்குப் பிறகு டவுனிலிருந்து வந்த ஒரு வாடகை வண்டியின் கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தார்கள் என்று தெரியவில்லை. அதிலிருந்து வாடகை வண்டிக்காரர்கள் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, வராமல் இருந்துவிடுவார்கள். அப்பாவின் வேனை விட்டால் வேறு வழியில்லை.

அந்த வேன்தான் ஒழுகியது. இன்ஜினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், தண்ணீர் போகும் இரும்புக் குழாய் ஒன்று வளைந்து போகிறது. அந்த வளைவில் துரு தின்றுவிட்டது. எங்கள் போர்த் தண்ணீர் குடத்திலேயே வெள்ளையாக உப்புப் படியவைக்கும். அதைத்தான் வருஷக்கணக்காக ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தார் அப்பா. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்த பிறகு நான் தண்ணீருக்குப் பதில் பச்சை நிறக் கூலன்ட் வாங்கி ஊற்ற ஆரம்பித்தேன். நிறுத்தி வைத்த இடத்தில் பச்சைச் சொட்டுகள் விழுந்ததைப் பார்த்துதான் ஒழுகுவதே தெரிந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் வண்டி என் பொறுப்பு என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

திண்டுக்கல்லில் ஸ்பேர் கடைகள் எல்லாவற்றிலும் கேட்டேன். அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது, குழாய்க்கு எங்கே போவது என்றார்கள். ஒருவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பார்ட் நம்பருக்கு எதிரில் காலியாக இருந்தது. பேகம்பூரில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பாயிடம் போனேன். அவர் குவியலுக்குள் இறங்கி நெடுநேரம் புரட்டினார். வேறு வண்டிகளின் குழாய்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை.

"அந்த மாடல் இப்ப அறுக்கக்கூட வர்றதில்ல தம்பி. அவசரமா?"

வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்றேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னார்.

வெல்டிங் கடையில் பற்றவைக்கப் பார்த்தோம். தகடு மெலிந்து போயிருந்ததால் நெருப்பு பட்டதும் ஓட்டை பெரிதானது. வளைவை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டிராக்டரின் ரப்பர் ஹோஸ் ஒன்றை மாட்டி கிளிப் போட்டு இறுக்கினேன். குழாயின் வாயில் விளிம்பு மேடாக இருந்தால்தான் ஹோஸ் நழுவாது. நடுவில் வெட்டிய குழாயில் அந்த மேடு கிடையாது. புதிதாக மேடு எழுப்பினால் குழாயே பொத்துவிடும் என்றார் வெல்டிங்காரர். இரண்டு பக்கமும் கிளிப்பை இரட்டையாகப் போட்டேன். ஒட்டன்சத்திரம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினோம். ஒரு சொட்டு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் மாமாவைப் பார்க்கப் போனேன். கண் மஞ்சளாகி, வயிறு மட்டும் ஊதிப்போய்க் கிடந்தார்.

"வண்டி ஓடுதா மாப்ள?"

"ஓடுது மாமா."

"ஓடலைன்னா சொல்லு. ரெண்டு நாள் தள்ளிப் போட்டுக்கிறேன். சேத்துக்குள்ள தூக்கிட்டுப் போயி எவனாவது கீழ போட்ருவாய்ங்க."

அத்தை அழுதுகொண்டே சிரித்தார். மறுநாள் விடியும்போது மாமா இறந்துபோனார்.

எடுப்பதற்கு மதியம் ஆகிவிட்டது. மாமாவுக்குச் சம்பந்தி வீடுகள் மூன்று. ஒருவர் கொண்டுவந்த மாலையைவிட அடுத்தவர் மாலை பெரிதாக இருந்தது. ரோஜாவும் சம்பங்கியும் ஆள் உயரத்துக்குக் கட்டியவை. அவற்றை வேனின் முகப்பில்தான் தொங்கவிடுவார்கள். அப்போதுதான் யார் மாலை என்று தெரு பார்க்கும். இன்ஜினுக்குக் காற்று போகிற சல்லடை முழுக்கப் பூ மூடிவிட்டது. சுடுகாட்டில் வந்து மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்டேன். மூத்த சம்பந்தியின் முகம் மாறியது. அப்பா என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"பேசாம இரு அப்பு. அந்த மாலையக் கழட்டுனா எடுக்கவே விடமாட்டாய்ங்க. ஒரு தெருவத் தாண்டணும், அம்புட்டுத்தான."

எங்கள் தெருவில் கொட்டு உண்டு. மேலத்தெருவில் அடிக்க முடியாததையும் சேர்த்து இங்கேயே அடித்துவிடுவார்கள். பெண்கள் முன்னால் விழுந்து புரண்டு அழுதார்கள். முதல் கியரில் வேன் ஊர்ந்தது, நின்றது, மறுபடியும் ஊர்ந்தது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நான் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு முடியும்போது அது சிவப்பைத் தொட்டிருந்தது. கொட்டு நின்றது. வேன் மேலத்தெருவுக்குள் திரும்பியது.

டீக்கடையைத் தாண்டவில்லை. கீழே டப்பென்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க ஆவி. அப்பா இன்ஜினை அணைத்தார்.

நான் குதித்து அடியில் படுத்தேன். ஹோஸ் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு பிடித்தும் உள்ளங்கை வெந்தது. திரும்ப மாட்டி இறுக்கும்போது டயருக்கு அந்தப் பக்கம் கால்கள் வந்து நிற்பது தெரிந்தது. செருப்புப் போட்ட கால்கள்.

"எதுக்குடா இங்க நிப்பாட்டுன?" என்றது ஒரு குரல். என் வயதுதான் இருக்கும்.

"சூடாயிருச்சுங்கய்யா. செத்த நேரத்துல எடுத்துர்றேன்," என்றார் அப்பா.

"நிக்கக் கூடாதுன்னுதான எழுதிக் குடுத்திருக்கீங்க? அதுவும் கட பாத்து நிப்பாட்டியிருக்க. உள்ள படுத்திருக்கிறவருக்கு டீ வேணுமாக்கும்."

சிரித்தார்கள். நான் வெளியே வந்தேன். டீக்கடையை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி இருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. பிடித்துக்கொள் என்றும் சொல்லவில்லை. நான் ஒரு அடி எடுத்து வைத்ததும் அப்பா என் சட்டையைப் பிடித்தார்.

மாமாவின் மகன் தீச்சட்டியோடு வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். சுடுகாட்டில் தண்ணீர் கிடையாது. கொள்ளிக்குடத்துக்கான தண்ணீரை ஒரு கேனில் வீட்டிலிருந்தே எடுத்துப்போவது வழக்கம். அந்தக் கேனை அவர் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

இன்ஜின் ஆறாமல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது, மேலே மூடியிருக்கும் ஹெட் விரிசல் விட்டுவிடும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சுற்றிலும் பார்த்தார். கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. எங்கள் பையன்கள் இரண்டு பேர் சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்திருந்தார்கள்.

"ஊத்துடா," என்றார்.

ஊற்றினேன். உள்ளே எங்கோ மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. வேன் கிளம்பியது. வெள்ளைப் புகை தெருவை மூட, எல்லாரும் பின்னாலேயே ஓடினோம். சுடுகாட்டு வாசலில் வேன் தானாகவே நின்றது. கேனின் அடியில் மிஞ்சியது குடத்தின் அடி நனையத்தான் போதுமாக இருந்தது. மாமாவின் மகன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றினார். குடத்தைக் கொத்த வேண்டியவர் அரிவாளை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு கொத்தினார்.

அந்த மாடலுக்கு ஹெட்டும் வருவதில்லை.

மறுபடியும் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மாமா இல்லாததால் என்னைப் பேசச் சொன்னார்கள். குழாய், ஹோஸ், விளிம்பு, மாலை எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். அதிகாரி கவனமாகக் கேட்டார். மேலத்தெருப் பெரியவர் ஒருவர், "அப்ப நல்ல வண்டியா வாங்கிட்டு வரச் சொல்லுங்க சார், நாங்க வேணாம்னா சொல்றோம்," என்றார். அந்தப் பக்கம் சிரித்தார்கள். நல்ல வண்டி வரும்வரை பிரச்சினை வேண்டாம், பழைய ஓடைக் கரை வழியிலேயே போங்கள் என்று முடிந்தது.

ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் ஒரு பாட்டையா இறந்துபோனார். ஓடைக் கரை ஊறிக் கிடந்தது. முன்னால் அப்பா தூக்கினார், கால்மாட்டில் நான். தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன் அப்பா திரும்பி, கை வழுக்குகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இறங்கினோம்.