கீழே விட வேண்டிய மேகசின்

எனக்குத் துப்பாக்கி சுடத் தெரியும் என்றால் ஊரில் நம்ப மாட்டார்கள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நாற்று நட்டு வளர்ந்த கை. ராமநாதபுரம் போலீஸ் குவார்ட்டர்சில் தனியாக இருக்கும் பெண் எஸ்.ஐ.யிடம், கல்யாணம் எப்போது என்பதைத் தவிர யாருக்கும் கேட்க ஒன்றும் இருப்பதில்லை. டூட்டி முடிந்து வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை பேச ஆளில்லை.

அதனால்தான் துப்பாக்கி சுடும் போட்டிக்கான தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன். தேறினால் வெளியூரில் ஒரு மாதம் முகாம். பிஸ்டல் பிரிவில் மாவட்டத்துக்கு இரண்டு பெண்கள் வரை போகலாம், இருவருக்கும் ஒரே அறை. பதக்கமெல்லாம் அப்புறம். கூட ஒரு ஆள் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஐந்து குண்டு சுட்டு, குண்டு அடைக்கும் மேகசின் காலியானதும் அதைக் கீழே விட்டு, அடுத்ததைச் செருகி இன்னும் ஐந்து சுட வேண்டும். எல்லாம் பதினைந்து விநாடிக்குள். குறியில் எனக்குக் குறை இல்லை. கீழே விடுவதில்தான் தகராறு. எங்கள் வீட்டில் அரிவாள் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இதுவோ ஆயுத பூஜைக்கு நானே சந்தனம் வைத்த பிஸ்டல். மேகசின் நழுவியதும் இடது கை தானாகப் போய்த் தாங்கிவிடும்; அதிலேயே இரண்டு மூன்று விநாடி போய்விடும். சொல்லிக்கொடுத்த ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். "விடுங்க மேடம், அது பாட்டுக்கு விழட்டும்."

வீட்டில் துப்பாக்கி ஏது? டி.வி. ரிமோட்டை மேகசினாக வைத்துக்கொண்டு, தரையில் போர்வையை மடித்துப் போட்டு, இரண்டு மாதம் தொப் தொப்பென்று போட்டுப் பழகினேன். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். சிரிக்கவும் ஆளில்லாததுதான் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. மேகசினைக் கழற்றும் பொத்தானை அழுத்தும் முன்பே இடது கை இடுப்பிலுள்ள புது மேகசினைப் பற்றிக்கொண்டுவிட்டால், விழுவதைத் தாங்கக் கை இருக்காது.

தேர்வுக்கு வந்த பெண்கள் என்னையும் சேர்த்து இரண்டே பேர். இன்னொருத்தி திருவாடானைப் பக்கத்துச் சின்னப் பெண், அவளும் எஸ்.ஐ.தான். கருவேல மர நிழலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பாட்டிலிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள்.

"எப்படிக்கா கீழ விடுறீக? எனக்கு மனசு வர மாட்டேங்குது."

ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஒண்டியாகக் கிடந்து கண்டுபிடித்ததைச் சும்மா தூக்கிக் கொடுப்பதா என்று ஒரு அற்பப் புத்தி. "பழகப் பழக வரும்" என்றேன்.

முதலில் நான் சுட்டேன். பதிமூன்று விநாடியில் முடிந்தது. அடுத்து அவள். முதல் ஐந்தும் நடுவில் விழுந்தன. காலி மேகசின் அவள் பிடிக்கும் முன் நழுவிப் பூட்ஸ் மேல் விழுந்தது. பிஸ்டலைத் தரையை நோக்கிப் பிடித்தபடியே குனிந்து, மேகசினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மீதியை அவள் சுட்டு முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "நல்லபடியா போயிட்டு வாங்கக்கா" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் கையை உருவிக்கொண்டேன். அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

முகாமில் எனக்குக் கொடுத்த அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றின் மேல் என் பையை வைத்துக்கொண்டேன்.