வேண்டாம் அக்கா

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்குப் பெயரே ‘வேண்டாம் அக்கா’. மேற்பார்வையாளர் வேலை மூன்று முறை தேடி வந்தது. மூன்று முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். ரத்தம் பட்ட விரிப்பை முதலில் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும், சுடுநீரில் போட்டால் கறை போகவே போகாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் இரண்டு பேர் அவளுக்கே மேற்பார்வையாளராக வந்துவிட்டார்கள்.

“நாற்காலியில உட்கார்ந்தா அக்காவுக்கு முதுகு பிடிச்சுக்குமாம்” என்று இஸ்திரிக்காரன் கேலி செய்வான். அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

காரணம் அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. வாரம் இரண்டு நாள் அவள் கணவர் அங்கே டயாலிசிஸ் செய்துகொள்ளப் படுத்திருப்பார். இலவச சிகிச்சை அட்டையில் நடக்கிற காரியம். அட்டைக்கு வருமான வரம்பு உண்டு. மேற்பார்வையாளர் சம்பளம் அந்த வரம்பை மயிரிழையில் தாண்டும். தாண்டிய மாதமே அட்டை ரத்து. இது கணவருக்குத் தெரியாது. தெரிந்தால் சிகிச்சைக்கே வரமாட்டேன் என்பார். ரோஷக்காரர்.

மாடி வராந்தாவில் நோயாளிகள் சங்கத்துக்காரி ஒருத்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். அட்டையின் விதிகளை மாற்றுவது பற்றி அரசுக் குழு ஒன்று கருத்துக் கேட்கிறதாம்; ஆளுக்கு மூன்று நிமிடம். கணவர் குழாய்களோடு படுத்திருக்கும் போட்டோ ஒன்று கொண்டுவந்தால் நல்லது என்றாள்.

பேசினால் விஷயம் வெளியே வந்துவிடும். ஆகவே குழு கூடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவளே கணவரிடம் சொல்லிவிட்டாள். அவர் வெகுநேரம் செருப்பின் வாரையே சரிசெய்துகொண்டிருந்தார்.

“மூணு தடவையா?”

“ம்.”

“போட்டோ கீட்டோ ஒண்ணும் வேண்டாம். நீ எழுதிக் கொடுத்த கடுதாசி நகல் இருக்கா? அதைக் கொண்டு போ.”

குழுவில் ஐந்து பேர். மூன்று நகல்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். மூன்றிலும் ஒரே வாசகம்: ‘சொந்தக் காரணங்களால் ஏற்க இயலவில்லை.’ சம்பளம் கூடுவதை யாராவது வேண்டாம் என்பார்களா என்று தலைவர் கேட்டார்.

“கூடுற சம்பளத்துல அவருக்கு ரெண்டு தடவை சிகிச்சை பண்ணலாம் சார். மாசத்துக்கு எட்டு தடவை பண்ணணும்.”

அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம் மிச்சமிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சங்கத்துக்காரி ஊர் ஊராக விசாரித்ததில், இதே மாதிரி எழுதிக் கொடுத்தவர்கள் நாற்பத்தொரு பேர் அகப்பட்டார்கள். காவலாளி, சமையல்காரி, பேருந்து ஓட்டுநர். அந்தக் கடிதங்களையும் கட்டாகக் குழுவுக்கு அனுப்பினார்கள். பதினான்கு மாதம் கழித்து ஆணை வந்தது: வரம்பைத் தாண்டினாலும் இரண்டு வருடம் அட்டை செல்லும். சங்கம் கேட்டது ஐந்து வருடம். மிச்சத்துக்கு மறுபடி மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து அவளுடையது.

நான்காவது முறை வேலை வந்தபோது பழக்கதோஷத்தில் ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதிவிட்டாள். அதை அடித்துவிட்டு, கீழே ‘சம்மதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அலுவலக எழுத்தர் முகம் சுளித்து, வேறு தாளில் சுத்தமாக எழுதித் தரச் சொன்னார்.

“வேண்டாம் சார், இப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, ஈரத் துணி காத்திருக்கிறது என்று கிளம்பினாள்.