மூன்றாவது கொளுக்கியில் ஒரு கோட்டு

எங்கள் அலுவலகக் கதவுக்குப் பின்னால், மூன்றாவது கொளுக்கியில், ஒரு கறுப்புக் கோட்டு தொங்குகிறது. நல்ல குளிர்க்கோட்டு. அதன் சொந்தக்காரர் ஆபிரிக்காவுக்குத் திரும்பிப் போன அன்று அதை அங்கேயே கண்டதும் எனக்குச் சுருக்கென்றது. பஸ் சீட்டில் கைக்குட்டை போட்டு இடம்பிடிப்பதுபோல, மனிதர் இங்கே மொன்றியலில் இடம்பிடித்து வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அவர் வைத்தியர், நாங்கள் டொக்டர் என்போம். எங்கள் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு வைத்தியர்களைக் கவனிப்பது என் வேலை. அவருடைய நாட்டில் புற்றுநோய் வைத்தியராவதற்குப் படிக்க இடமே இல்லை. படிக்கவென்று வெளியே போகிறவர்கள் வெளியிலேயே நின்றுவிடுவார்கள். நோயாளிகள் அவர்கள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். “முடித்துவிட்டுப் போய் அந்தப் பயிற்சியை அங்கேயே தொடங்குவேன்” என்று வந்த வாரமே சொன்னார். நான் நம்பவில்லை. அப்படிச் சொன்ன எத்தனையோ பேருக்குக் கடைசியில் நானே இங்கே வீடு தேடிக் கொடுத்திருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் கவனித்தேன். கனடாக்காரர்போல ஹொக்கி பார்த்தால் சந்தேகம், புதுச் சப்பாத்து வாங்கினாலும் சந்தேகம்.

மாலையில் வேலை முடிந்து எழும்பும்போது “வாறன்” என்பது என் பழக்கம். எங்கள் ஆட்களுக்கு “போறன்” என்று விடைபெற வாய் வராது. கேட்டுக் கேட்டு டொக்டரும் அதைப் பிடித்துக்கொண்டார். கடைசி நாள் வாசலில் நின்று, “வாறன், அக்கா” என்றார்.

அன்று பியர்பொன்ட்ஸ் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கொட்டினேன். “கோட்டையும் விட்டிட்டுப் போறார், வாறன் எண்டும் சொல்லுறார். இருந்து பாருங்கோ, ஆள் திரும்பி வந்திடுவார்.”

“நீர் சொன்னதைத்தானே மனுசன் திருப்பிச் சொல்லுறார்?” என்று அவர் சிரித்தார்.

பிறகு, பயிற்சி தொடங்கிவிட்டது என்று டொக்டர் படங்கள் அனுப்பினார். படத்துக்கு நிற்க யாருக்குத்தான் தெரியாது என்றிருந்தேன்.

போன குளிர்காலத்தில் அவருடைய நாட்டிலிருந்து ஒரு இளம் பெண் வைத்தியர் வந்தார். மெல்லிய சட்டை, நடுங்கும் உதடு. வந்ததும் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “மூன்றாவது கொளுக்கியில் கோட்டு இருக்கும், புதிதாக வாங்காதே என்று எங்கள் டொக்டர் சொன்னார். பயிற்சி முழுவதும் அவரிடம்தான். இங்கே இரண்டு மாதம் பார்த்துவிட்டுப் போக வந்தேன்.”

கோட்டின் கைக்குள் அவர் விரல்கள் மறைந்துபோயின. ஒரு மாணவர்கூட இல்லாத நாளிலேயே டொக்டர் மாணவர்களுக்கென்று அதை விட்டுப் போயிருக்கிறார்.

இரண்டு மாதம் முடிந்ததும் அந்தப் பெண் கோட்டை அதே கொளுக்கியில் மாட்டினார். “வாறன், அக்கா. எங்கள் வார்டில் எல்லோரும் இப்படித்தான் சொல்லிப் பிரிவோம்” என்றார். ஊருக்கே போனார்.

யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்து, திரும்பிப் போகாதவள் நான். கோட்டு தொங்குகிறது.